பழைய ஜாகுவாருக்கு எந்த ஹார்ன்? நாலு விதமா ஊதிப் பார்த்தாச்சு

எங்க பெரியப்பாகிட்ட 1962 மாடல் ஜாகுவார் மார்க் 2 ஒன்னு இருக்கு. கிருஷ்ணகிரி பழையபேட்டைல மாங்கா மண்டி வெச்சிருக்கிறவருக்கு எதுக்கு இங்கிலீஷ்காரன் காருன்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் கேட்டாச்சு, "பெங்களூரா மாங்கா வித்த காசுல ஜாகுவார் வாங்கக்கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதி ஒட்டியிருக்குதா"ன்னு அவரு திருப்பிக் கேட்டதுல எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. வண்டி ஊட்டி பக்கம் ஒரு எஸ்டேட்ல இருந்து வந்தது. இஞ்சின், பெயிண்ட், சீட்டுத் தோலுன்னு ஒவ்வொன்னா முடிச்சு கடைசியா வந்து நின்னது ஹார்ன்கிட்ட.

இந்த வண்டில ஸ்டீரிங்குக்குள்ள அரைவட்டமா ஒரு குரோம் ரிங் இருக்கும், அதைத் தொட்டாலே ஹார்ன் அடிக்கும், பார்க்கவே அவ்ளோ அழகு. ஆனா எங்க வண்டில அதை அமுத்தினா வந்த சத்தம் என்ன தெரியுமா, டூரிஸ்ட் பஸ்ஸோட ஏர் ஹார்ன். மூணு குழாய், ஒன்னு மாத்தி ஒன்னு பாட்டு மாதிரி. காவேரிப்பட்டணத்துல ஒரு மண்டபத்து வாசல்ல தெரியாம ஒரு தடவ அமுத்திட்டேன், உள்ள உக்காந்திருந்த பாட்டிங்க எல்லாம் பஸ் வந்துருச்சுன்னு பையைத் தூக்கிட்டாங்க. முன்னாடி வண்டி வெச்சிருந்தவரு பண்ண வேலை அது. ஒரிஜினலா வந்த லூகாஸ் (இங்கிலாந்து எலக்ட்ரிகல் கம்பெனி) ஹார்ன் ஜோடி டிக்கில ஸ்டெப்னிக்கு அடியில ஒரு சாக்குல கட்டிக் கிடந்துச்சு, அதைத் தூக்கிப் போடாம வெச்சிருந்ததுக்கு அந்த மனுசனுக்கு கோடி புண்ணியம்.

இப்ப என்ன பண்ணலாம்னு உக்காந்து யோசிச்சப்ப எங்க முன்னாடி நாலு வழி இருந்துச்சு. சாக்குல இருக்கிற லூகாஸையே ரிப்பேர் பண்றது ஒன்னு. இல்லனா இங்கிலாந்துல பழைய ஜாகுவாருக்கு பார்ட்ஸ் விக்கிறவங்ககிட்ட இருந்து அதே மாடல வரவழைக்கலாம். அதுவும் வேணாம்னா கோயம்புத்தூர்ல தயாராகுற புது விண்ட்டோன் (சுருட்டுக் குழாய் வெச்ச ஹார்ன்) ஜோடி, எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடைலயும் கிடைக்கும். கடைசியா, எதையும் தொடாம ஏர் ஹார்னையே விட்டுர்றது. எங்க தம்பி ஒருத்தன் ஐஞ்சாவதா "அஹூகா"ன்னு கத்துற கிளாக்சன் போடலாம்னு சொன்னான், அது 1908ல அமெரிக்காவுல ஹட்சிசன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது, பல்சக்கரம் ஒன்னு சுத்தி தகட்டுல தட்டித் தட்டி சத்தம் வர சாமான், போர்டு மாடல் டி காலத்து வண்டிக்கு பொருத்தமா இருக்கும், அறுபதுகளோட ஜாகுவாருல அது வேட்டிக்கு பெல்ட்டு போட்ட மாதிரி, அதனால அந்தப் பேச்சை அங்கயே முடிச்சிட்டோம்.

நான் நேரா புது ஜோடி வாங்கிப் போட்டுட்டு வேலைய முடிக்கலாம்னுதான் நினைச்சேன். ராயக்கோட்டை ரோட்டுல எங்களுக்கு வழக்கமா வேலை செய்யற எலக்ட்ரீசியன் பாய் ஒருத்தர் இருக்காரு, அவரு கேட்ட முதல் கேள்விலயே நான் மாட்டிக்கிட்டேன். "தம்பி, பழைய ஹார்ன் ஏன் போச்சுன்னு பாத்தியா?" பாக்கல. போச்சுன்னு யாரோ சொன்னாங்க, நம்பிட்டோம். "அப்ப ஹார்னை மாத்திட்டு நோய மாத்தாம விட்டுருவ"ன்னு சொல்லிட்டு மீட்டரை எடுத்தாரு.

அவரு பண்ணதை அப்படியே சொல்றேன், பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க எல்லாரும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிருங்க, பத்து நிமிசம்கூட ஆகாது. லூகாஸ் ஜோடிய வண்டில இருந்த பழைய ஹார்ன் வயர்லயே மாட்டி ஒருத்தரை ரிங்கை அமுத்தச் சொன்னாரு. தொண்டை கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அமுத்திக்கிட்டே இருக்கும்போது பேட்டரில அளந்தா 12.3 வோல்ட் இருக்கு, ஹார்ன் டெர்மினல்ல அளந்தா வெறும் 9.4 தான். கிட்டத்தட்ட 3 வோல்ட்டு வழியிலயே காணாமப் போயிருக்கு. அமுத்தாம சும்மா அளந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் 12 சொச்சம்தான் காட்டும், ஒன்னும் புரியாது, கரண்ட் ஓடும்போதுதான் திருட்டு வெளிய தெரியும். அந்த மாதிரி ஜோடி ரெண்டும் சேர்ந்து 14, 15 ஆம்பியர் இழுக்கும், அப்ப எங்கயோ ஒரு இடத்துல 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், 3 வோல்ட் காலி. வோல்டேஜ் முக்கால்வாசி ஆனா பவர் பாதிக்கு கொஞ்சம் மேலதான் மிஞ்சும், அப்புறம் ஆடு கத்தாம யானையா பிளிறும்?

அடுத்து அதே ஹார்னை பேட்டரில இருந்து நேரா தடி வயர் இழுத்து, நடுவுல 20 ஆம்பியர் பியூஸ் போட்டு குடுத்தாரு. அவ்ளோதான், மண்டிக்கு எதிர்ல டீ குடிச்சிட்டு இருந்தவரு கிளாஸை கீழ போட்டுட்டாரு. ஹார்ன் சாகவே இல்ல. வயர்தான் செத்திருக்கு. அறுபது வருச வயரு, உள்ள செம்பு பச்சை பூத்துப் போயிருக்கு, அது பத்தாதுன்னு பாடிக்கு புதுசா பெயிண்ட் அடிச்சப்ப எர்த் போல்ட்டுக்கு (கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற இடம்) அடியிலயும் பெயிண்ட் போயிருச்சு. முன்னாடி இருந்தவரு ஹார்ன் போச்சுன்னு நினைச்சு ஏர் ஹார்ன் வாங்கியிருக்காரு, அதுக்கு பேட்டரில இருந்து தனி வயர், தனி ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்) போட்டதால அது நல்லா அடிச்சிருக்கு, அவரும் பழசு வேஸ்ட்டுன்னு முடிவு கட்டிட்டாரு. நான் மட்டும் கோயம்புத்தூர் ஜோடிய வாங்கி பழைய வயர்ல மாட்டியிருந்தா அதுவும் ஆடு மாதிரிதான் கத்தியிருக்கும், நானும் கம்பெனிக்காரனைத் திட்டியிருப்பேன்.

சரி, இனிமே ஹார்னுக்கு வரலாம். இதுக்குள்ள பெரிய மாயமந்திரம் இல்லீங்க. ஒரு காயில், அதுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு இரும்புத் தகடு, ஒரு ஜோடி பாயிண்ட். கரண்ட் போனா காயில் தகட்டை இழுக்கும், தகடு நகர்ந்ததும் பாயிண்ட் விலகி கரண்ட் கட்டாகும், தகடு திரும்பி வரும், பாயிண்ட் சேரும், மறுபடி இழுக்கும், இப்படி செகண்டுக்கு நானூறு ஐநூறு தடவ. சின்ன வண்டில வர தட்டு ஹார்ன்ல அந்தத் தகட்டோட இன்னொரு தட்டும் சேர்ந்து ஆடுறதால சத்தம் கீச்சுன்னு கூர்மையா இருக்கும். விண்ட்டோன்ல நத்தை ஓடு மாதிரி சுருட்டின ஒரு குழாய் இருக்கு. நாதஸ்வரத்துல சீவாளி பண்ற வேலைய தகடு பண்ணுது, உலவும் அணசும் பண்ற வேலைய அந்தச் சுருட்டுக் குழாய் பண்ணுது, அதனால சத்தம் உருண்டையா, காதைக் கிழிக்காம வருது. பெரிய காருங்க அந்தக் காலத்துலயே விண்ட்டோனுக்குப் போனதுக்கு காரணம் இதுதான். எப்பவும் ஜோடியா வரும், ஒன்னு மேல் சுருதி, இன்னொன்னு கீழ் சுருதி, லூகாஸ்ல எச்னும் எல்லுனும் குத்தியே இருக்கும்.

நாதஸ்வரம்னு சும்மா உவமைக்கு சொல்லல. பாய் ஒவ்வொரு ஹார்னா பெஞ்சு வைஸ்ல பிராக்கெட்டைப் புடிச்சு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாரு, கையில புடிச்சோ தரையில வெச்சோ டெஸ்ட் பண்ணா சத்தம் வேற மாதிரி வரும், ஏமாந்துருவீங்க. ரெண்டு ஹார்னும் தனித்தனியா ஆறரை, ஏழு ஆம்பியர் இழுத்துச்சு, அதாவது காயிலும் பாயிண்டும் ஓகே. ஆம்பியரே வரலன்னா பாயிண்ட் சேரல இல்ல காயில் அறுந்துருச்சு, டிக்குன்னு ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்து ஆம்பியர் எகிறினா பாயிண்ட் ஒட்டிக்கிச்சு, உடனே விட்ருங்க, புடிச்சே இருந்தா காயில் வெந்துரும். எங்களுக்கு கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க தெருவுல கோயில்ல வாசிச்ச ஒரு நாதஸ்வரக்காரத் தாத்தா இருக்காரு, சத்தம் கேட்டு என்னடா பண்றீங்கன்னு வந்தவரு ரெண்டையும் சேர்த்து அடிச்சப்ப மூஞ்சிய சுளிச்சாரு. "கீழ இருக்கிறது சுருதி சேரலடா, மூக்கடைச்ச மாதிரி இருக்கு." மீட்டர் ஓகேன்னு சொல்லுது, தாத்தா இல்லைங்குறாரு. பாய் ஒன்னும் பேசாம குழாய்க்குள்ள ஒரு கம்பிய விட்டு நோண்டினாரு, பொலபொலன்னு மண்ணு கொட்டுது. குளவி கூடு கட்டியிருக்கு! மூக்கடைச்ச மாதிரின்னு தாத்தா சொன்னது அச்சு அசலா அப்படியே.

மண்ணெல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் மூடியக் கழட்டி பாயிண்ட்டை நைஸ் எமரி பேப்பர்ல ரெண்டு இழுப்பு இழுத்து, ஸ்க்ரூவை சத்தம் நிக்கிற வரைக்கும் ஒரு பக்கமா திருகி, நின்ன இடத்துல இருந்து கால் சுத்து திருப்பி வெச்சாரு. இந்த ஸ்க்ரூ சுருதியை மாத்தும்னு நிறைய பேரு நினைச்சு திருகித் திருகி பாயிண்ட்டை எரிச்சிடுறாங்க, அது தேய்மானத்தை ஈடுகட்டுறதுக்கு மட்டும்தான், சுருதி தகட்டுலயும் குழாயோட நீளத்துலயும் இருக்கு. மறுபடி ரெண்டையும் சேர்த்து அடிச்சதும் தாத்தா தலைய ஆட்டினாரு, "ச, அந்தர காந்தாரம்." எனக்கு மேளகர்த்தாவும் தெரியாது ஒன்னும் தெரியாது, போன்ல டியூனர் ஆப் போட்டுப் பார்த்தேன், ரெண்டு அதிர்வெண்ணுக்கும் நாலுக்கு அஞ்சு கணக்குல இடைவெளி. சந்தைல வர புது ஜோடிங்க 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அதுவும் அதே நாலுக்கு அஞ்சுதான், அதாவது அதே காந்தாரம். உலகத்துல எங்கெங்கயோ இருக்கிற இஞ்சினியருங்க காதுக்கு இனிமையா இருக்குன்னு புடிச்சு வெச்ச இடைவெளி நம்ம சங்கராபரணத்து காந்தாரமா இருக்கிறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோசம்.

இப்ப ஒவ்வொன்னையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். அதுக்காகவே ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அணை ரோட்டுல ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வெட்டவெளியா பார்த்து வண்டிய நிறுத்தினோம், பாய் தன் பையனோட பைக்குல கோயம்புத்தூர் ஜோடி ஒன்னை எடுத்துட்டு வந்தாரு, இஞ்சின் ஆஃப், பேட்டரி புல் சார்ஜ், எல்லா ஹார்னுக்கும் ஒரே தடி வயர். 7 மீட்டர் டேப் வெச்சு அளந்து, இடுப்புக்கு கொஞ்சம் மேல போனைப் புடிச்சு நின்னேன், ஏன் 7 மீட்டர்னா ஐ.நா. விதி 28ல வண்டி ஹார்னை அந்தத் தூரத்துல வெச்சுதான் அளக்கச் சொல்றாங்க, காருக்கு 112 டெசிபலைத் தாண்டக்கூடாது. போன் மைக்கு நூறைத் தாண்டினா உளற ஆரம்பிக்கும், அதனால அந்த நம்பரை நான் இங்க போடல, எது எதை விட அதிகம்னு மட்டும் பார்த்தோம், அப்புறம் நூறு தப்படி தள்ளிப் போய் நின்னு காதால கேட்டோம்.

சத்தத்துல ஏர் ஹார்ன்தான் முதல், அதுல சந்தேகமே இல்ல, நூறு தப்படிக்கு அப்பாலயும் நெஞ்சுல வந்து இடிக்குது, புளியமரத்துல இருந்த மைனா எல்லாம் காலி. ஆனா அமுத்தினதும் உடனே வராது, கம்ப்ரசர் சுத்தி காத்து ஏறணும், அந்த அரை நொடி தாமதம் ரோட்டுல யாராச்சும் குறுக்க வந்தா ரொம்ப பெரிசு. சாதாரண ஹார்ன் தொட்ட உடனே கத்தும். அது போக மத்திய மோட்டார் வாகன விதி 119 தெளிவா சொல்லுது, மாத்தி மாத்தி பல சுருதில ஒலிக்கிற ஹார்னும் காதைத் துளைக்கிற மாதிரி, பதற வைக்கிற மாதிரி சத்தம் போடுற எதுவும் வண்டில இருக்கக்கூடாதுன்னு. தேவையில்லாம ஹார்ன் அடிச்சாலோ அடிக்கக்கூடாத இடத்துல அடிச்சாலோ மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவுல முதல் தடவை 1000 ரூபா, அடுத்தடுத்து 2000. டோல்கேட்டுக்கு டோல்கேட் எல்லா லாரிலயும் பஸ்லயும்தான் ஏர் ஹார்ன் இருக்கு, யாரு கேக்குறாங்கன்னு நீங்க சொல்லலாம், சொல்லுங்க, ஆனா அந்த ஆயிரம் வண்டில இன்ஸ்பெக்டர் கண்ணுல முதல்ல படப்போறது ஜாகுவார்தான்.

இங்கிலாந்துல இருந்து வரவழைக்கிற வழிய நான் ரொம்ப நாள் விடாம புடிச்சிட்டு இருந்தேன், ஒத்துக்கிறேன். படத்துல பார்க்க பளபளன்னு இருக்கும். ரீகண்டிசன் பண்ணதுன்னு விக்கிறது ஒரு வகை, பழைய உருவத்துல புதுசா செஞ்சது இன்னொரு வகை. ரீகண்டிசன்னா நம்ம பாய் இங்க பண்ண அதே வேலையத்தான் அங்க ஒருத்தரு பண்ணியிருப்பாரு, அதுக்கு சாமான் விலை, கப்பல் கூலி, கஸ்டம்ஸ்னு சேர்த்தா கோயம்புத்தூர் ஜோடி மாதிரி பல ஜோடி வாங்கலாம். புதுசா செஞ்சதுன்னா வெளித்தோற்றம் மட்டும்தான் லூகாஸ், உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும். நம்ம ஹார்னோட உடம்புல அது தயாரான வருசம் 62ன்னு குத்தியிருக்கு, வண்டியோட வயசும் அதோட வயசும் ஒன்னு, அதைத் தூக்கிப் போட்டுட்டு காசு குடுத்து டூப்பு வாங்குறதுல எனக்கே பிறகு வெக்கமா போச்சு. உங்ககிட்ட ஒரிஜினல் இல்லவே இல்ல, இல்லனா தகடு துரு புடிச்சு ஓட்டை விழுந்துருச்சு, காயில் எரிஞ்சுருச்சுன்னா அப்ப இந்த வழிய யோசிங்க, அதுக்கு முன்னாடி பெங்களூரு ஜேசி ரோட்டுலயும் சென்னை புதுப்பேட்டையிலயும் ஒரு நாள் அலைஞ்சு பாருங்க, பழைய ஹார்ன் அங்க எப்படியாவது சிக்கும்.

உண்மையான போட்டி கோயம்புத்தூர் ஜோடிக்கும் சாக்குல கிடந்த ஜோடிக்கும்தான். புதுசு ஆயிரத்து சொச்சத்துல முடிஞ்சுது. தண்ணி புகாது, பழுதாச்சுன்னா தொப்பூர் கணவாய்ல நின்னாக்கூட தர்மபுரிக்கு ஒரு ஆளை அனுப்பினா சீக்கிரமே இன்னொரு ஜோடி வந்துரும். 7 மீட்டர்ல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, சொல்லப்போனா புதுசு கொஞ்சம் கூடவே கேட்டுச்சு. தூரத்துல நின்னு கேட்டப்பதான் வித்தியாசம். புதுசு நல்ல ஹார்ன்தான், ஆனா அந்த சத்தத்தை நாம தெனமும் கேக்குறோம், இன்னோவால, பொலிரோல, பக்கத்து வீட்டு ஸ்விஃப்ட்ல. கண்ணை மூடிட்டு கேட்டா ஒரு கார் வருதுன்னு தெரியும், அவ்ளோதான். லூகாஸ் ஜோடி அடிச்சப்ப சுருதி கொஞ்சம் கீழ, கொஞ்சம் கனமா, வயசான ஒரு மனுசன் "ம்க்கும்"னு கனைச்சு வழி கேக்குற மாதிரி இருந்துச்சு. பெரியப்பா அதைக் கேட்டுட்டு ஒன்னும் சொல்லல, போய் வண்டில சாஞ்சு நின்னுக்கிட்டாரு.

உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாதுன்னு நான் எதிர்க்கட்சியா நின்னு பார்த்தேன். பழசு நனைஞ்சா என்ன ஆகும், நாலு வழிச்சாலைல ஏசி போட்டு பாட்டு வெச்சுட்டு போற லாரி டிரைவருக்கு கேக்குமான்னு. அதுக்கு பதில் வண்டியோட பதிவுலயே இருக்கு. 2021 ஜூலைல வந்த விண்டேஜ் வண்டி விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருசம் தாண்டின, சொந்த உபயோக வண்டிக்கு விஏ வரிசைல தனி நம்பர் குடுக்குறாங்க, பத்து வருசத்துக்கு செல்லும், ஆனா அந்த வண்டிய தெனசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ணன்னு அதுக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். பெரியப்பா அதுக்குத்தான் எழுதிக் குடுத்திருக்காரு. அப்ப வண்டி வருசத்துக்கு சில நாள்தான் வெளிய வரும், மழைல எடுக்கவே மாட்டாரு, போற இடத்துல எல்லாம் பானட்டைத் தூக்கி குனிஞ்சு பார்க்கிற ஆளுங்கதான் இருப்பாங்க. அந்த இடத்துல புது ஹார்னோட சிவப்பு கலர் பிளாஸ்டிக் மூஞ்சி எட்டிப் பார்த்தா நல்லாவா இருக்கும்? லாரிக்காரரு விசயத்துல, எந்த ஹார்னா இருந்தாலும் கேக்காதுன்னு நினைச்சு ஓட்டுறதுதான் நல்லது, நம்ம ஜாகுவாரோட பிரேக்கைப் பத்தி தனியா ஒரு நாள் புலம்பணும்.

அதனால எங்க முடிவு லூகாஸ் வண்டில, கோயம்புத்தூர் ஜோடி டிக்கில, அதே சாக்குல. அதுக்கும் அதே அளவு டெர்மினல் கிளிப் அடிச்சு வெச்சாச்சு, நடுரோட்டுல பழசு மக்கர் பண்ணா பத்து நிமிசத்துல மாத்திக்கலாம். புதுசோட ஒத்த போல்ட் பட்டை பழைய பிராக்கெட் ஓட்டைல உக்காராது, அதுக்கு பாய் ஒரு தகட்டுத் துண்டு வெட்டிக் குடுத்தாரு, பாடில ஒரு ஓட்டைகூட போடல. இதுவே 50 வருசம் ஆகாத வண்டின்னா, ஒரு கான்டெஸாவோ எண்பதுகளோட பென்ஸோ வெச்சுக்கிட்டு தெனம் ஓசூர் போய்ட்டு வரவங்களா இருந்தா, நான் கண்ணை மூடிட்டு கோயம்புத்தூர் ஜோடியத்தான் சொல்லுவேன், பழசை கழட்டி எண்ணெய் துணில சுத்தி அலமாரில வைங்க. இன்னும் பழைய வண்டி, 6 வோல்ட் சிஸ்டம்னா கதையே வேற. 1955க்கு முந்தின அமெரிக்கக் காருங்க நிறைய, 1967க்கு முந்தின வோக்ஸ்வாகன் பீட்டில் எல்லாம் 6 வோல்ட்டு. 12 வோல்ட் ஹார்ன் அதுல முனகக்கூட முனகாது, 6 வோல்ட் ஹார்னை 12ல குடுத்தா நல்லா கத்திட்டு புகையும், அவங்களுக்கு பழசை ரிப்பேர் பண்றதைத் தவிர வேற நல்ல வழி இல்ல.

மாட்டும்போது நான் பண்ண ஒரு கூத்தை சொல்லியே ஆகணும். எங்க வண்டி பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியோட பிளஸ்தான் பாடில, மைனஸ்தான் வயர்ல வரும், அந்தக் காலத்து இங்கிலீஷ் காருங்க பல அப்படித்தான். சாதா ஹார்னுக்கு எது பிளஸ் எது மைனஸ்னு கவலையே இல்ல, எப்படிக் குடுத்தாலும் அடிக்கும். அதே நினைப்புல நான் ஒரு புது ரிலே வாங்கி, ஹார்ன் ரிங்குக்கு சின்ன கரண்ட் மட்டும் போகட்டும், பெரிய கரண்ட் ரிலே வழியா பேட்டரில இருந்து நேரா போகட்டும்னு 2.5 சதுர மில்லி வயர்ல அழகா இழுத்து முடிச்சு அமுத்தினேன். டப். பியூஸ் போச்சு. இன்னொன்னு போட்டேன், அதுவும் டப். மூணாவது பியூஸும் போனதுக்கு அப்புறம் பாய்க்கு போன் பண்ணா அவரு சிரிக்கிறாரு. ரிலேக்குள்ள காயிலுக்குக் குறுக்க ஒரு டயோடு (கரண்ட்டை ஒரு பக்கமா மட்டும் விடுற சாமான்) இருக்காம், மேலயே குட்டியா படம் போட்டிருக்கு, நான் பார்க்கல. பாசிட்டிவ் எர்த்துல வழக்கம் போல மாட்டினா அந்த டயோடு வழியா நேரா ஷார்ட். ரிலேல 85, 86னு நம்பர் போட்ட காயில் பின் ரெண்டையும் மாத்திப் போட்டா போதும், இல்லனா டயோடு இல்லாத ரிலே வாங்கணும். ஏர் ஹார்ன் கம்ப்ரசருக்கும் எலக்ட்ரானிக் ஹார்னுக்கும் இதே ஜாக்கிரதை வேணும், கம்ப்ரசருக்கு மாத்திக் குடுத்தா மோட்டார் தலைகீழா சுத்தும், காத்து வராது, வெறும் உறுமல்தான்.

மத்ததெல்லாம் சின்ன விசயம். குழாய் வாய் கீழ பார்த்து இருக்கணும், இல்லனா தண்ணி தேங்கும். பிராக்கெட்டை இறுக்கமா முடுக்கணும், ஆனா ஹார்னோட உடம்பு வேற எதையும் தொடக்கூடாது, தொட்டா கரகரன்னு ஒரு கிழிசல் சத்தம் கூடவே வரும். எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட்டை சுரண்டி கிரீஸ் தடவணும். அமுத்திக்கிட்டே அளந்தா எங்களுக்கு இப்ப ஹார்ன்கிட்ட 11.9 வருது. குழாய் வாய்ல கொசுவலைத் துண்டு ஒன்னு கட்டலாமான்னு குளவிக்கு பயந்து கேட்டேன், சத்தம் குறையும் வேணாம்னுட்டாரு பாய், மாசம் ஒரு தடவ அமுத்து, குளவி அந்தப் பக்கமே வராதுன்னாரு.

அந்த ஏர் ஹார்னை என்ன பண்ணோம்னு கேக்குறீங்களா. விக்க மனசு வரல, வாங்குறவரு கண்டிப்பா பஸ்ல மாட்டுவாரு. இப்ப அது காவேரிப்பட்டணம் பக்கம் எங்க மாந்தோப்புல காவக் கொட்டாய் மேல, ஒரு பழைய டிராக்டர் பேட்டரியோட உக்காந்திருக்கு. மாங்கா முத்துற சமயத்துல குரங்குக் கூட்டம் இறங்குச்சுன்னா காவக்காரரு ஒரு தட்டு தட்டுவாரு. முதல் வாரம் நல்லா ஓடுச்சுங்க. இப்ப குரங்குங்களுக்கு அந்தப் பாட்டு பழகிருச்சு.